வன்னிக்குள் வீட்டுப் பஸ்: ஸ்பெயார் ரயரைத் தெரிவதிலிருந்து மாட்டி முடிப்பது வரை

வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம். நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டான் போகும் பாதையில் எங்கள் வீட்டுப் பஸ்ஸின், அதாவது கட்டிலும் தண்ணீர்த் தாங்கியும் காஸும் வைத்து வீடு மாதிரி ஆக்கிய பஸ்ஸின், பின் ரயர் ஒன்று வெடித்தது. பஸ்ஸுக்குள் பதினொரு பேர். அம்மாவின் மடியில் நேர்த்திப் பானை. ஸ்பெயார் ரயர் இருந்தது. சேஸிக்கு (பஸ்ஸின் அடிச்சட்டத்துக்கு) அடியில், இரும்புக் கூட்டுக்குள், சங்கிலியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கத்தான் எங்களால் முடியவில்லை. மூன்று மழைக்காலச் சேறு காய்ந்து, சங்கிலியை ஏற்றி இறக்கும் விஞ்ச் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. கைபிடியைத் திருகினால் கைபிடிதான் வளைந்தது.

உழவு மெசினில் வந்த ஒரு பெரியவர் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, உது இருந்தும் இல்லாத மாதிரித்தான்.” பிறகு வீட்டுக்குப் போய் அலவாங்கும் இரும்பு அரியும் வாளும் கொண்டுவந்தார். சங்கிலியை அறுத்து ரயரை விழுத்தினால், அதற்குள் காற்று இல்லை. அதே உழவு மெசினில் ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுபோய்க் காற்றடித்து, மாட்டி, நாங்கள் வட்டாப்பளை போய்ச் சேர நடுச்சாமம் தாண்டிவிட்டது.

ஸ்பெயார் கொண்டுபோவது என்றால் ஒரு ரயரை வண்டியில் ஏற்றி வைப்பது என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன். இருட்டில், உங்களோடு வரும் ஆட்களையும் உங்களிடமுள்ள சாமான்களையும் மட்டும் வைத்து இறக்கி மாட்டக்கூடியதாக இருந்தால்தான் அது ஸ்பெயார். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

அந்தப் பயணத்தில் கனடாவிலிருந்து வந்திருந்த அக்காவின் மகன் கேட்டான்: “மாமா, அங்க பெரிய மோட்டார் ஹோம்கள் கனக்க ஸ்பெயாரே இல்லாமத்தான் வருது. போன் பண்ணினா லொறி வந்து மாத்திப்போட்டுப் போகும். நீங்கள் ஏன் இவ்வளவு பாரத்தைச் சுமக்கிறியள்?” அவன் சொன்னது சரி. வட அமெரிக்காவில் 22.5 அங்குல றிம்மோடு ஓடும் பெரிய வண்டிகள் பலவற்றை ஸ்பெயார் இல்லாமல்தான் விற்கிறார்கள். அந்த ரயரைத் தனி ஆள் தூக்க முடியாது, வைக்க இடமும் இல்லை, அழைத்தால் உதவி வரும் என்பது அவர்கள் கணக்கு. ஏ9 வீதியில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் மட்டும் ஓடுபவருக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். துணுக்காய், வெள்ளாங்குளம், நெடுங்கேணி, பூநகரி என்று உள்ளே இறங்குபவருக்குப் பொருந்தாது.

உங்கள் ரயரை முதலில் வாசியுங்கள்

ரயரின் பக்கச் சுவரில் எல்லாம் எழுதியிருக்கிறது. ரோசா, கோஸ்டர் போன்ற சிறிய பஸ்களில் 7.00R16, 7.50R16 என்றோ வேறு அளவோ இருக்கும். பெரிய லேலண்ட் பஸ்ஸில் 10.00R20 மாதிரி. வெளிநாட்டு மோட்டார் ஹோமில் 275/80R22.5 போல. அளவோடு பாரக் குறியீட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவு ஒன்றாக இருந்தும் பாரம் தாங்கும் எண் குறைவாக உள்ள ரயரை மலிவாகக் கிடைக்கிறது என்று ஸ்பெயாருக்கு வாங்குபவர்கள் உண்டு. அது முன்சக்கரத்தில் ஏறும் நாளும் வரும்.

அடுத்தது வயது. டொட் (DOT) என்று ஆங்கிலத்தில் தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வீட்டுப் பஸ் லொறி மாதிரி ஓடித் தேய்வதில்லை. வருடத்தில் பாதி நாள் முற்றத்தில் நின்று வெயிலில் காய்கிறது. நிலத்தில் படும் வெட்டு, அதுதான் ரயரின் பூ, நன்றாக இருக்கும், இறப்பர் செத்திருக்கும். பாவனைக்கு வந்து ஐந்து வருடமானபின் ஒவ்வொரு வருடமும் தெரிந்த ஆளிடம் காட்ட வேண்டும், செய்த திகதியிலிருந்து பத்து வருடமானால் பார்வைக்கு எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது மிஷெலின் நிறுவனத்தின் அறிவுரை. ஸ்பெயாருக்கும் அதே கணக்குத்தான். “ஓடாத ரயர் தானே” என்று பதினைந்து வருடம் பழசை வைத்திருப்பது பெரிய பிழை.

எங்கள் பக்கம் இன்னொரு சிக்கல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய பஸ்களைத்தான் திருத்தித் திருத்தி ஓடினோம். றிம்கள் பல கை மாறியவை. ஒரே பஸ்ஸில் இரண்டு விதமான றிம்மைக் கண்டிருக்கிறேன். ஆகவே ஸ்பெயார் றிம்மை முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு தரமாவது மாட்டிப் பாருங்கள். நடு ஓட்டை, போல்ட் வட்டம், நட்டு இருக்கும் குழியின் வடிவம் மூன்றும் ஒத்துவர வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரமென்றால் உள்ளேயும் வெளியேயும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். அலுமினியம் றிம் தடிப்பானது. இரும்பு றிம்முக்கு அளவான போல்ட் அதற்குக் கட்டையாகிவிடலாம்.

றிம்மோடா, ரயர் மட்டுமா

10.00R20 ரயர் றிம்மோடு 100 கிலோவை ஒட்டி வரும். 7.50R16 என்றால் 40, 50 கிலோ. ரயரை மட்டும் கொண்டுபோனால் பாரம் பாதியளவாகக் குறையும், ஆனால் கழற்றிப் போட ஒரு ரயர் கடை வேண்டும்.

ஏ9 மட்டும், பகலில் மட்டும் ஓட்டம் என்றால் ரயர் மட்டும் போதும். வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று உதவி கிடைக்கும் இடங்கள் வரிசையாக வரும். மாங்குளத்தில் கிழக்கே திரும்பி முல்லைத்தீவுப் பக்கம் போனாலோ, மேற்கே மல்லாவிப் பக்கம் இறங்கினாலோ, மன்னாரிலிருந்து ஏ32 வழியாகப் பூநகரிக்கு ஏறினாலோ றிம்மோடு, காற்றடித்து, மாட்டத் தயாராக இருக்கும் சக்கரம் வேண்டும். ஒட்டிய ரியூப் ஒன்றும் கூட இருக்கட்டும். இரண்டு முழுச் சக்கரம் கொண்டுபோகச் சொல்லமாட்டேன். அந்தப் பாரமே மற்ற ரயர்களைத் தின்னும்.

பாரத்துக்குப் பயமென்றால் தண்ணீர்த் தாங்கியைப் பாருங்கள். 300 லீற்றர் நிரப்பினால் 300 கிலோ. வன்னியில் குடிதண்ணீருக்கு யாரும் கதவடைப்பதில்லை. பாதி நிரப்பினால் ஸ்பெயாருக்கு மேல் மிச்சம் வரும்.

எங்கே வைப்பது

கூரையில் வேண்டாம். 100 கிலோவை மூன்று மீற்றர் உயரத்தில் வைத்தால் வளைவில் பஸ் சாயும். ஏற்றும்போது நாலு பேர் நிற்பார்கள், இறக்கும்போது நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும் நிற்பீர்கள். உள்வீதிகளில் பாலை, வீரை மரங்கள் தாழக் கொப்பு விட்டு நிற்பதையும் நினையுங்கள்.

பஸ்ஸுக்குள், கட்டிலுக்கடியில் வைப்பவர்கள் உண்டு. கட்டாத சக்கரம் மோதலில் முன்னுக்குப் பறந்து வரும். நாலு பக்கமும் பெல்ட் போட்டுச் சட்டத்தோடு இறுக்கினால் ஒழிய உள்ளே வைக்காதீர்கள்.

பின் பம்பரில் தூக்குவது பார்வைக்கு அழகு, இறக்கவும் சுகம். அதற்கு ஒரு விலை உண்டு. முன் பின் அச்சுகளுக்கு இடையில் நாலு மீற்றர், பின் அச்சிலிருந்து ரயர் தொங்கும் இடத்துக்கு இரண்டு மீற்றர் என்று வையுங்கள். 100 கிலோ ரயரால் பின் அச்சில் ஏறுவது 150 கிலோ. முன் அச்சிலிருந்து 50 கிலோ எழும்பிவிடும். சீசோ மரத்தின் ஒரு நுனியில் பிள்ளை ஏறினால் மறுநுனி எழும்புகிறதே, அதே கணக்கு. பின்னால் ஏற்கெனவே தண்ணீரும் மோட்டார் சைக்கிளும் ஏற்றியிருந்தால் ஸ்ரியறிங் இலேசாகும். நம்பர் தகடும் பின் லைற்றும் மறையக்கூடாது. வாய்க்கால் தாண்டும்போது வால் நிலத்தில் இடிக்கும்.

எனக்குச் சரியென்று படுவது சேஸிக்கு அடியில், இரண்டு அச்சுக்கும் இடையில், பக்கத்திலிருந்து இழுக்கக்கூடிய தட்டு. கராஜில் ஒரு வெல்டரிடம் சொன்னால் இரும்புக் குழாயில் தண்டவாளம் மாதிரி அடித்துத் தருவார். ரயர் படுத்த நிலையில் வெளியே வந்து, ஒரு பக்கம் சரிந்து நிலத்தைத் தொட வேண்டும். தூக்கி இறக்கும் வேலையே இருக்காது. பக்கத்துப் பெட்டியில் இடமிருந்தால் அதுவும் நல்லதுதான்.

தொழிற்சாலை கொடுத்த விஞ்ச் கூடுதான் உள்ளது என்றால் அதையே வைத்திருங்கள். ஆனால் மாதத்துக்கு ஒருக்கால் முழுதாக நிலம்வரை இறக்கி ஏற்றுங்கள். மழைக்காலம் முடிந்ததும் சேற்றைக் கழுவி, சங்கிலிக்குக் கிறீஸ் பூசுங்கள். இரண்டாவதாக ஒரு காப்புச் சங்கிலியும் பூட்டும் போடுங்கள். பூட்டின் திறப்பு சாரதி ஆசனத்துக்குப் பக்கத்தில் தொங்கட்டும். வீட்டில் வைத்துவிட்டு வந்தவரையும் அறிவேன்.

வெளியே தெரியும் ரயருக்கு வெள்ளையாக ஒரு உறை தைத்துப் போடுங்கள். சோளகக் காற்றும் வெயிலும் அடிக்கும் வைகாசியிலிருந்து ஆவணி வரைதான் பக்கச் சுவர் வெடிப்பது கூட.

காற்று? பஸ்ஸின் எந்தச் சக்கரத்துக்கு அதிகக் காற்று வேண்டுமோ அந்த அளவு ஸ்பெயாரில் இருக்க வேண்டும். இறக்கிவிடுவது நிமிட வேலை, அடிப்பதுதான் கஷ்டம். பெரிய வண்டிகளில் காற்றழுத்தம் 80 முதல் 120 பி.எஸ்.ஐ வரை போகும். சரியான எண் பாரத்தைப் பொறுத்தது. லொறி நிறுக்கும் தராசு உள்ள இடத்தில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்து, ரயர் நிறுவன அட்டவணையைப் பாருங்கள். வால்வு வாய்க்கு நீட்டுக்குழாய் பூட்டினால் ரயரை இறக்காமலே காற்று பார்க்கலாம். எங்கள் ஸ்பெயாரில் அந்தக் குழாய் இருந்திருந்தால் காற்றில்லாத சங்கதி வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

கூடவே போகவேண்டியவை

20 தொன் எண்ணெய் ஜக் ஒன்று. வெடித்த ரயரோடு பஸ் குந்திய பிறகும் அச்சுக்கு அடியில் அது நுழைய வேண்டும். வீட்டிலேயே அந்த ரயரின் காற்றைத் திறந்துவிட்டு அளந்து பாருங்கள். ஜக்குக்கு அடியில் வைக்க ஒன்றரை அடிச் சதுரத்தில் தடித்த பாலைப் பலகை. மார்கழியில் எங்கள் வீதியோர மண் ஜக்கை அப்படியே விழுங்கும். சக்கரத்துக்கு அணைகொடுக்க ஆப்புக் கட்டை நாலு. இரண்டு அங்குலத் தடிப்பில், ரயர் அகலத்தில் இன்னொரு பலகை. அதன் பயனைப் பிறகு சொல்கிறேன்.

வீல் ஸ்பனரும் ஒரு மீற்றர் நீளக் குழாயும். ஜப்பான் வண்டிகளின் பின் இரட்டைச் சக்கரத்தில் வெளிநட்டு பலவற்றில் 41 மில்லிமீற்றர், உள்நட்டுக்கு 21 மில்லிமீற்றர் சதுரத் தலை. சதுர ஸ்பனர் இல்லாவிட்டால் உள் ரயர் கழராது. வீதியில் வைக்க முக்கோணம் இரண்டு, தலையில் கட்டும் லைற், கையுறை, கீழே விரிக்க ஒரு சாக்கு, காற்று அளக்கும் கருவி, கம்பிப் பிரஷ். வண்டியின் காற்றுத் தாங்கியிலிருந்து ரயருக்கு அடிக்கும் குழாய் இருந்தால் பெரும் உதவி.

முற்றத்தில் ஒரு தரம்

பயணத்துக்கு ஒரு கிழமை முதல், வீட்டு முற்றத்தில், பயணத்தில் வரப்போகும் ஆட்களோடு ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்பெயாரை மாட்டுங்கள். இதைத் தவறவிடவே வேண்டாம். ரயர் கடை காற்றுத் துவக்கால் இறுக்கிய நட்டைக் கையால் இளக்க முடியாமல் போகலாம், அது முற்றத்தில் தெரியவரட்டும். இடது பக்கச் சக்கரங்களில் இடமுறை நட்டு உள்ள வண்டிகள் எங்களிடம் இன்னும் பல ஓடுகின்றன. போல்ட் நுனியில் எல் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருந்தால் வலப்பக்கம் திருப்பினால்தான் இளகும். தெரியாமல் குழாய் போட்டு மற்றப் பக்கம் அமர்த்தினால் போல்ட் முறியும்.

வெடித்தால்

முன் ரயர் வெடித்தால் பிறேக்கை மிதிக்காதீர்கள். ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, எக்ஸலறேற்றரைச் சட்டென்று விடாமல் பஸ்ஸை நேராக்கி, பிறகு மெல்ல மெல்ல வேகத்தை விழவிடுங்கள். கால் பிறேக்குக்குப் போகத்தான் துடிக்கும். அந்தத் துடிப்பை இப்போதே மனதில் அடக்கிப் பழக வேண்டும்.

பின் இரட்டையில் ஒன்று போனால் பல நேரம் தெரியவே தெரியாது. மற்றது சுமக்கும். காற்றுப் போனது இடையில் நசிந்து உராய்ந்து சூடாகித் தீப்பிடிக்கவும் கூடும். கிறவல் வீதியில் இரண்டு ரயருக்கும் நடுவே கல் சிக்குவதும் வழக்கம். அதனால் முறிகண்டியில் எல்லோரும் தேங்காய் உடைக்கப் போகும்போது நீங்கள் பஸ்ஸை ஒருக்கால் சுற்றி வந்து ஒவ்வொரு ரயரிலும் கை வையுங்கள். மற்றதைவிடக் கூடச் சுடுகிற ரயரில் ஏதோ பிழை.

எங்கே நிறுத்துவது என்பதைப் பஸ் உருளும்போதே தீர்மானியுங்கள். ரயர் போய்விட்டது, அதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மெதுவாக உருட்டி மட்டமான, இறுகிய நிலத்துக்கு வாருங்கள். வீதியை விட்டுக் காட்டுக்குள் இறக்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ கட்டிய நாடாவோ கண்டால் அந்தப் பக்கம் ஒரு அடி வைக்கக்கூடாது. மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் வருடக் கணக்காக நடக்கிறது, ஒதுக்குப்புறம் தேடிப் போகும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் பொழுதுபட்டால் யானை வரும். மைமலுக்குள் வேலை முடியாது என்று தெரிந்தால் யாரும் தனியே நடந்து உதவி தேடப் போகவேண்டாம். பஸ்ஸுக்குள் இருந்து போனில் கூப்பிடுங்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

எல்லோரையும் இறக்கி, வீதிக்கரையில் நிழலில், பஸ்ஸுக்கு முன்னால் தள்ளி இருத்துங்கள். பின்னால் யாரும் நிற்க வேண்டாம். காஸ் சிலிண்டரைப் பூட்டுங்கள். முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள்.

மாட்டும் முறை

கைப்பிறேக் போட்டு, கழற்றாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வையுங்கள். ஜக் வைக்கும் முன்னரே ஸ்பெயாரை வெளியே எடுத்துவிடுங்கள், பஸ் ஜக்கில் நிற்கும்போது அதை இழுத்துக்கொண்டிருக்கக்கூடாது. நிலத்தில் சக்கரம் அழுந்தி இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று இளக்குங்கள்.

ஜக் அச்சுக்கு அடியில்தான் போக வேண்டும். உடம்புச் சட்டத்தில் வைத்தால் தகடு நசியும், காற்று சஸ்பென்ஷன் (காற்றுப் பையில் உடம்பு நிற்கும் வகை) என்றால் உடம்பு மட்டும் எழும்பும், சக்கரம் எழும்பாது. தூக்கியதும் ஸ்பெயாரைப் படுக்கையாகச் சேஸிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஜக் வழுக்கினாலும் பஸ் அதில் இருக்கும். பழுதான சக்கரம் கழன்றதும் அதை உள்ளே தள்ளி மற்றதை எடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி உடம்பை உள்ளே நுழைக்க வேண்டாம். இந்த ஒன்றில் அவசரம் காட்டாதீர்கள்.

இரட்டைச் சக்கரத்தில் வெளி ரயர் மட்டும் போயிருந்தால் அந்த இரண்டு அங்குலப் பலகை உதவும். நல்ல உள் ரயருக்கு முன்னால் பலகையை வைத்து பஸ்ஸை மெல்ல அதன்மேல் ஏற்றினால் வெளி ரயர் நிலத்தை விட்டு எழும்பும். ஜக்குக்கு வேலை குறைவு. ஏற்றியபின் மறக்காமல் மற்றச் சக்கரங்களுக்கு ஆப்பு வையுங்கள்.

றிம் உட்காரும் முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் உரசித் துருவை எடுங்கள். சக்கரத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அடியில் அலவாங்கைக் கொடுத்து நெம்பினால் தானாக ஏறும். நட்டுகளைக் கையால் பூட்டி, பிறகு எதிரெதிராக, மூன்று தரம் சுற்றி வந்து இறுக்குங்கள். சதுரத் தலை உள்நட்டு உள்ள வண்டியில் முதலில் உள்ளதை முழுதாக இறுக்கி, அதற்குப் பிறகே வெளியதை.

எவ்வளவு இறுக்குவது? 22 மில்லிமீற்றர் போல்ட் பத்து உள்ள, றிம்மின் நடு ஓட்டை அச்சின் நடுவட்டத்தில் உட்காரும் புதிய வகைச் சக்கரங்களுக்கு 610 முதல் 680 நியூட்டன் மீற்றர் (திருகி இறுக்கும் விசையின் அளவு) வரை. 65 கிலோ ஆள் ஒரு மீற்றர் குழாயின் நுனியில் தன் முழுப் பாரத்தையும் ஆடாமல் கொடுத்தால் ஏறத்தாழ 640 வரும். ஏறிக் குதித்தால் அதைத் தாண்டிவிடும். உங்கள் வண்டி வேறு வகையென்றால் அதன் கைநூலில் உள்ள அளவை ஒரு கடதாசியில் எழுதி ஜக்கோடு வைத்திருங்கள். 50 கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தித் திரும்ப இறுக்க வேண்டும். மாங்குளத்தில் மாட்டினால் முல்லைத்தீவில் இறுக்குங்கள். தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். புதிதாக மாட்டிய சக்கரம் கழன்று ஓடுவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது இறுக்கல் விட்டுப்போவதுதான் காரணம்.

ரிங் றிம்மை நீங்கள் தொடாதீர்கள்

10.00R20 போன்ற ரியூப் ரயர்கள் பெரும்பாலும் பூட்டு ரிங் போட்ட, துண்டுகளாகப் பிரியும் றிம்மில் வரும். அந்த ரிங் சரியாக இருக்காமல் காற்றடித்தால் துவக்குச் சன்னம் மாதிரிப் பறக்கும். ஆளைக் கொல்லும். வீதியோரத்தில் ரியூப் மாற்றி நீங்களே அடித்துப் பார்க்காதீர்கள். கடையில் அடித்தாலும் இரும்புக் கூண்டுக்குள் வைத்து, இல்லாவிட்டால் சங்கிலியால் றிம்மையும் ரயரையும் சேர்த்துச் சுற்றிக் கட்டி, நீட்டுக் குழாயால், ரிங் பக்கத்தில் நிற்காமல் அடிக்கச் சொல்லுங்கள். “எத்தனை வருசமா அடிக்கிறன் அண்ணை, ஒண்டும் நடக்காது” என்பார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தள்ளி நில்லுங்கள், சொன்னதைத் திரும்பவும் சொல்லுங்கள். காற்றில்லாமல் கொஞ்சத் தூரமாவது ஓடின ரயரென்றால் கழற்றி உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி நொந்திருந்தால் அதற்குள் காற்றே அடிக்கக்கூடாது.

ஒட்டி முடித்த சக்கரத்தைத் தட்டில் ஏற்றி, காப்புச் சங்கிலியைப் பூட்டி, காற்று எவ்வளவு, எந்தத் திகதி என்று உறையின் உள்பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த மாதம் அதே நாளில் இறக்கிப் பார்க்க வேண்டும்.